அல்லித் தொட்டி ஈக்கள்: படம் எடுத்து இனம் கண்ட ஆறு வாரம்

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு சிமெண்ட் கிணற்று உறை கிடக்கிறது. அடியை அடைத்து, வண்டல் மண் போட்டு, நீல அல்லி வைத்து மூன்று வருடம் ஆகிறது. இந்த ஜூனில் சாரல் தொடங்கிய முதல் வாரம், அடுத்த வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, இந்தத் தொட்டியிலதான் கொசு பெருகுது. இலை மேல பாரு, எவ்வளவு நிக்குதுன்னு. தண்ணியக் களஞ்சிரு.”

பார்த்தேன். நின்றன. ஒரு இலையில் பத்துப் பன்னிரண்டு சிறு பூச்சிகள். தண்ணீரின் மேலும் சில நடந்துகொண்டிருந்தன. அக்காவின் பேரனுக்குப் போன வருடம் டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவர் பயத்தில் முழு நியாயம் இருக்கிறது. தொட்டியில் கப்பி மீன் விட்டிருக்கிறேன், கொசுப்புழு ஒன்றுகூட மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இலை மேல் நிற்பவை என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் “கொசு இல்லக்கா” என்று சொல்வது சரியில்லை என்று பட்டது. ஆறு வாரம் அதன் பின்னாலேயே போனேன். அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் போனில் எடுத்த 40 படங்களும் வீண். மூன்று மில்லிமீட்டர் ஈ, பச்சை இலையில் ஒரு கறுப்புப் புள்ளியாக விழுந்திருந்தது. பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைந்தது. கிளிப் லென்ஸ் மாட்டினேன். படம் பெரிதானது, ஆனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிட்டே போனால்தான் தெளியும். அவ்வளவு கிட்டே போனால் ஈ பறந்துவிடும்.

கடைசியில் கைகொடுத்தது பழைய முறைதான். ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் ஃபிலிம் காலத்து 50 எம்.எம். லென்ஸ் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தலைகீழாக, முன்பக்கம் கேமராவைப் பார்க்கும்படி, ஒரு திருப்பு வளையத்தில் மாட்டினேன். இதற்குப் பழைய லென்ஸ்தான் வேண்டும். துளையைக் குறைக்கும் வளையம் லென்ஸிலேயே இருக்கும். புதிய லென்ஸ்கள் பலவற்றில் துளையைக் கேமராதான் ஆட்டுவிக்கிறது; திருப்பி மாட்டினால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். திருப்பிய 50 எம்.எம். லென்ஸ் பொருளை ஏறக்குறைய அதே அளவில் சென்சார் மேல் விழவைக்கும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் 31 எம்.எம். நீட்டிப்புக் குழாய் வைத்ததும் ஒன்றரை மடங்குக்கு மேல் போனது. என் கேமராவின் சென்சார் 23.5 மில்லிமீட்டர் அகலம், அதில் 6000 பிக்சல். கணக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டருக்கு 400 பிக்சல் சுற்றி வருகிறது. அதாவது மூன்று மில்லிமீட்டர் ஈக்கு 1200 பிக்சல். இறக்கை நரம்பை எண்ண இது போதும்.

ஆனால் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கண் தெளிந்தால் வால் மங்கும். வளையத்தைத் திருகி ஃபோகஸ் செய்ய முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டி, கண் தெளியும் கணத்தில் அழுத்த வேண்டும். லென்ஸ் துளையை எஃப் 8 அளவுக்குக் குறைத்து, ஃபிளாஷ் போட்டு, ஃபிளாஷுக்கு முன்னால் டிரேசிங் பேப்பர் இரண்டு மடிப்பு கட்டினேன். பேப்பர் இல்லாமல் எடுத்த படங்களில் பளபளக்கும் ஈ வெள்ளைத் தீப்பொறியாக எரிந்துபோனது. பேப்பர் கட்டியதும் உடம்பின் ரோமம்கூட தனித்தனியாக வந்தது.

நேரமும் முக்கியம். காலை ஏழு மணிக்குள் போனால் குளிரில் மந்தமாக நிற்கும். எட்டு மணி வெயில் ஏறிய பிறகு நிழல் விழுந்த நொடியே போய்விடும்.

அளவு எடுக்க ஒரு கிராஃப் தாள் துண்டை ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டி லேமினேட் செய்துகொண்டேன். ஈயை எடுத்த பிறகு, லென்ஸில் எதையும் மாற்றாமல், அதே தூரத்தில் அந்தத் துண்டையும் ஒரு படம் எடுப்பேன். கணினியில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று பார்த்து ஈயின் நீளத்தை வகுத்தால் முடிந்தது. ஈ சாய்ந்து நின்றால் கணக்கு குறைத்துக் காட்டும். அந்தப் படங்களை அளவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. இது சின்ன வேலைதான், ஆனால் இதைச் செய்யாத முதல் வாரத்துப் படங்கள் எல்லாம் இன்று எனக்குப் பாதிப் பயன்தான். “சிறியது” என்ற சொல்லை வைத்து எதையும் பிரிக்க முடியாது.

இரண்டாம் வாரம் முதல் பூச்சியை எடுத்துக்கொண்டேன்: அக்கா கொசு என்று கை காட்டியது அதைத்தான். ஒல்லியான உடம்பு, நீண்ட கால். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி ஒன்றில் போட்டேன். அதுவும் கொசு என்றது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. படத்தைப் பெரிதாக்கி உட்கார்ந்தேன்.

இறகு போன்ற உணர்கொம்பு இருந்தது. அதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஆண் கொசுவுக்கும் அப்படித்தான். பார்க்க வேண்டியது வாய். கொசுவுக்குத் தலையிலிருந்து ஊசிபோல நீண்ட குழல் முன்னே துருத்தும், ஆணுக்கும் பெண்ணுக்கும். என் படத்தில் தலைக்குக் கீழே அப்படி எதுவுமே இல்லை. அடுத்தது இறக்கை. கொசுவின் இறக்கை நரம்புகளிலும் பின் விளிம்பிலும் செதில்கள் ஒட்டியிருக்கும். இதில் நரம்புகள் வெறுமையாக இருந்தன. இறக்கை வயிற்றின் நுனியை எட்டவும் இல்லை. உட்காரும்போது முன்னங்கால் இரண்டையும் தூக்கி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கொசு பெரும்பாலும் பின்னங்காலைத்தான் தூக்கும். நான்கும் சேர்ந்து சொன்ன பெயர் கைரோனோமிடே. கடிக்காத குடும்பம். மாலையில் குளக்கரையில் தலைக்கு மேலே புகைபோலச் சுழலும் கூட்டம் இவற்றின் ஆண்கள்தான்.

தொட்டியின் அடிமண்ணை ஒரு கரண்டி அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றினேன். சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. இதே குடும்பத்து ஈக்களின் புழுக்கள்தான் அவை, மீன் வளர்ப்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் இரத்தப் புழு. நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இவற்றின் உடம்பிலும் இருப்பதால்தான் காற்று குறைந்த சேற்றில் பிழைக்கின்றன, அந்தச் சிவப்பும் அதனால்தான். கொசுப்புழு அப்படியல்ல, மேலே வந்து மூச்சுக்குழலை நீர்மட்டத்தில் வைத்துத் தொங்கும், கப்பியின் வாய்க்கு நேராக.

அன்றைக்கே ஒன்று முடிவு செய்தேன். செயலி சொல்வதை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்வேன். காரணத்தை நான் படத்தில் கை வைத்துக் காட்ட முடிந்தால் மட்டுமே குறிப்பேட்டில் பெயர் எழுதுவேன்.

இரண்டாவது வகை கஷ்டமே தரவில்லை. இலை மேல் தாமிரமும் பச்சையும் கலந்து மின்னும் ஐந்து மில்லிமீட்டர் ஈ, குச்சிபோல நீண்ட கால்கள், ஓடும் நிற்கும் மறுபடி ஓடும். டோலிகோபோடிடே, நான் நெட்டைக்கால் ஈ என்று எழுதிக்கொள்கிறேன். மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தில் இறக்கையின் நடு நரம்பு இரண்டாகக் கிளைத்து, முன்கிளை சட்டென்று மேலே வளைந்து போவது தெரிந்தது. அது சியாபோடினே என்ற துணைக் குடும்பத்தைக் காட்டுகிறது. அதற்குக் கீழே போக ஆணின் வயிற்று நுனியையும் கால் ரோமங்களையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அதனால் அங்கேயே நிறுத்தினேன். இவை மெல்லுடல் சிறுபூச்சிகளைப் பிடித்துத் தின்பவை. ஒருநாள் ஒன்று அசுவினியைக் கவ்விக்கொண்டு நிற்கும் படமும் கிடைத்தது.

அசுவினி என்றதும் ஒன்று. இலை ஓரத்தில் கும்பலாக இருந்த பழுப்புப் பூச்சிகளில் சிலவற்றுக்கு இறக்கை இருந்தது. அவற்றையும் ஈ என்றே முதலில் எண்ணியிருந்தேன். பக்கவாட்டுப் படத்தில் இறக்கை நான்கு. ஈக்கு இரண்டுதான், பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல இரண்டு குமிழ் இருக்கும். வயிற்றின் பின்பக்கம் இரண்டு சிறு குழல்கள் நீட்டியிருந்தால் அசுவினிதான், சந்தேகமே வேண்டாம். இலையைத் தண்ணீரில் முக்கி அலசினேன், மீன் தின்றது.

மூன்றாவது வகைதான் என்னை மூன்று வாரம் பிடித்து வைத்தது. மூன்று மில்லிமீட்டர், பழுப்பு நிறம், இலையிலும் நிற்கும், இறங்கித் தண்ணீர் மேலும் நடக்கும். உருவத்தைப் பார்த்து, அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் டிரோசோபிலா என்று எழுதி வைத்தேன். அல்லி இலை அழுகிக் கிடந்தது, பொருத்தமாகவும் பட்டது. பிறகு, பழ ஈ எதற்குத் தண்ணீரில் நடக்கிறது என்ற கேள்வி உறுத்தியது.

இறக்கையின் முன்விளிம்பில் ஓடும் தடித்த நரம்பில் சில ஈக்களுக்கு முறிவு இருக்கும். கயிறு ஓரிடத்தில் மெலிந்தது போலத் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டு முறிவுகளைக் கண்டுபிடித்து மகிழ்ந்தேன். மகிழ்ச்சி ஒரு நாள்தான். டிரோசோபிலா குடும்பத்துக்கும் இரண்டு முறிவு, நான் சந்தேகப்பட்ட கரையோர ஈக்களின் குடும்பமான எஃபிட்ரிடேக்கும் இரண்டு முறிவு. பிரிப்பது முகம். முகத்தை நான் ஒரு படத்தில்கூட எடுத்திருக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், எல்லாம் முதுகு.

ஈயின் முகத்தை எடுக்க அதை நிற்கவைக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறு கண்ணாடிக் குப்பியை மேலே கவிழ்த்துப் பிடித்து, உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஏழு நிமிடம் வைத்தேன். மேலே உறைபெட்டியில் வைக்கக் கூடாது, செத்துவிடும். டிஷ்யூ இல்லாவிட்டால் குப்பிச் சுவரில் வேர்க்கும் நீரில் இறக்கை ஒட்டிக்கொண்டு கிழியும். முதல் ஈயை அப்படித்தான் இழந்தேன், மனசு கேட்கவில்லை. குளிர்ந்த ஈயை வெள்ளைத் தாளில் கொட்டினால் ஒன்றரை, இரண்டு நிமிடம் அசையாமல் கிடக்கும். அதற்குள் முகம், பக்கம், முதுகு மூன்றும் எடுத்துவிட வேண்டும். பிறகு காலை உதறும், எழும், பறக்கும். நேராகத் தொட்டிக்கே திரும்பியது ஒன்று.

முகப் படம் திரையில் வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். டிரோசோபிலாவின் உணர்கொம்பிலிருந்து கிளம்பும் மயிரில் மேலும் கீழும் கிளைகள் இருக்கும். இதில் சீப்பின் பற்கள் போல மேல்பக்கம் மட்டும். முகம் தட்டையாக இல்லை; உணர்கொம்புகளுக்கு நடுவே ஒரு வரப்பு ஓடி, கீழே கூம்பு போல முன்னே தள்ளியிருந்தது, வாய்த் திறப்பும் பெரிது. எஃபிட்ரிடே. பக்கவாட்டுப் படத்தில் இன்னொன்றும் இருந்தது: முதுகு கரும்பழுப்பு, பக்கமெல்லாம் வெள்ளிச் சாம்பல், இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போன்ற எல்லை. தண்ணீரில் நடக்கும் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் பிராக்கிடியூட்டெரா என்ற பேரினம்.

படத்தை மட்டும் நம்பி நிற்க மனமில்லை. தொட்டி ஓரத்தில், பாசி ஏடு படிந்த இடத்தில் மூக்கு முட்டக் குனிந்து தேடினேன். மிதக்கும் பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்கள், பின்முனையில் கவை போல விரிந்த மூச்சுக்குழல்கள். இரண்டை ஜாம் பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி, வெயில் படாத ஜன்னலில் வைத்தேன். நான்காம் நாள் காலை துணியின் உள்பக்கம் அதே வெள்ளிப் பக்கமுள்ள ஈ. அந்தப் பாட்டிலை அக்காவிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இது கடிக்காதா?” என்றார். கடிக்காதுக்கா, பாசியைத்தான் தின்னும் என்றேன்.

இந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு இப்போது தனிப் பிரியம். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்க்கவும் முடியாது. ஹைட்ரெல்லியா என்ற பேரினத்தின் புழுக்கள் நீர்ச்செடி இலைக்குள் புகுந்து குடையும். அதில் ஒன்று நடவு முடிந்த நெல்லின் இளங்குருத்தைத் தின்னும் பகை. இன்னொன்று ஹைட்ரில்லா பாசியை மட்டும் தேடித் தின்பது. வாய்க்கால் வாய்க்காலாக ஹைட்ரில்லா அடைத்துக்கொண்ட ஃபுளோரிடாவில், அதைத் தின்ன வைப்பதற்காகவே இந்தியாவிலிருந்து அந்த ஈயைக் கொண்டுபோய் 1987-இல் விட்டார்கள். ஒரே பேரினத்தில் ஒன்றுக்கு மருந்து அடிக்கிறோம், ஒன்றை விமானத்தில் ஏற்றி அழைத்துப்போகிறார்கள். பெயர் தெரியாமல் தெளிப்பானைத் தூக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் வாரம் தொட்டியை விட்டு, கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர் குளத்துக்குப் போனேன். சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகளுக்கு 2022-இல் ராம்சார் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. பறவை பார்க்க வருகிறவர்கள் நிறையப் பேர். நான் கரையோரம் சம்பும் கோரையும் நிற்கும் இடத்தில் முழங்காலிட்டிருந்தேன். தாமரைப்பூ பறித்துக் கரையேறிய ஒருவர் நின்று பார்த்தார். “அண்ணாச்சி, கொக்கு அந்தப் பக்கம்லா நிக்குது” என்றார். ஈயைத்தான் எடுக்கிறேன் என்று கேமராத் திரையைக் காட்டினேன். பூக்கட்டைக் கீழே வைத்துவிட்டு அவரும் குனிந்தார்.

திரையில் இருந்த ஈ இதுவரை பார்த்த எதையும் ஒத்திருக்கவில்லை. ஏழு மில்லிமீட்டர். ஈயச் சாம்பல் நிறத்தில் நீல மினுக்கம், சிவந்த கால்கள். கோரைத் தண்டில் தலைகீழாக நின்றது. உணர்கொம்பு நேராக முன்னே நீண்டிருந்தது, மாட்டுக் கொம்பு போல. இரண்டாம் கணுதான் அதில் பெரும்பகுதி. பின்தொடை நீளமாகப் பருத்து, அடியில் முள் வரிசை. பக்கவாட்டில் ஒரு நல்ல படம் போதும், இதற்கு முகம்கூட வேண்டியதில்லை: சியோமைசிடே குடும்பம், செபிடான் பேரினம்.

இதன் புழு தின்பது நத்தையை. நீர்மட்டத்துக்குக் கீழே காற்றுக்குமிழைச் சுமந்துகொண்டு மிதந்து, மேலே வரும் நத்தையைப் பிடித்து ஓட்டுக்குள் தலையை நுழைத்துத் தின்னும். அமெரிக்கப் பூச்சியியலாளர் கிளிஃபோர்டு பெர்க் அலாஸ்காவில் இதைக் கவனித்து 1953-இல் எழுதியதிலிருந்து, இந்தக் குடும்பத்தை ஆராய்ச்சியாளர்கள் விடாமல் துரத்தினார்கள். காரணம் மாடு. ஆடு மாடுகளின் ஈரலைத் தின்னும் தட்டைப்புழு, தன் வாழ்வில் ஒரு பகுதியை நன்னீர் நத்தைக்குள்தான் கழிக்கிறது. நத்தை குறைந்தால் ஈரல் நோயும் குறையும். 1950-களின் இறுதியில் ஹவாய்க்கு இந்தக் குடும்பத்து ஈ ஒன்றைக் கொண்டுபோனதும் அதற்காகத்தான்.

பூ பறிப்பவரிடம் இதைச் சொன்னேன். அவர் வீட்டில் இரண்டு மாடு உண்டாம். “அப்ப இது நம்ம ஆளு” என்றார். பூக்கட்டை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, மறுகரையில் நத்தை அதிகம் கிடக்கும் ஓர் ஓடையைக் கை காட்டினார். அங்கே பத்து நிமிடத்தில் ஆறு செபிடான் எண்ணினேன். எனக்கு அந்த ஓடை யாரும் சொல்லித் தெரிந்திருக்காது.

ஆறாம் வாரம் படங்களை 6 × 4 அளவில் பிரிண்ட் போட்டு அக்கா வீட்டு மேசையில் பரப்பினேன். கொசுவின் படம் ஒன்றும் பக்கத்தில் வைத்தேன், குழல் தெரியும்படி. அவர் பேரன் ஒவ்வொன்றாக எடுத்து “இதுக்கு ஊசி இல்ல, இதுக்கு ஊசி இல்ல” என்று பிரித்து அடுக்கினான். அக்கா கடைசியாக ஒன்று கேட்டார்: மீன் செத்துப்போனா? நல்ல கேள்வி. மீன் இல்லாவிட்டால் இதே தொட்டியில் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். வாரம் ஒருமுறை தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பார்ப்பது என்று ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலையைப் பேரன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

நேற்று காலை தொட்டி விளிம்பில் புதிதாக ஒன்று. நான்கு மில்லிமீட்டர், கறுப்பு, முன்தொடை இரண்டும் கும்பிடு பூச்சியின் கைபோல வீங்கியிருந்தன. அவற்றை விரித்து விரித்து யாருக்கோ சைகை காட்டுவது போல ஆட்டியது. அந்தக் கையே பெயரைச் சொல்லிவிட்டது: ஆக்தெரா, மறுபடியும் எஃபிட்ரிடே. ஈரச் சேற்றிலிருந்து சிவப்புப் புழுக்களை அந்தக் கையால் பிடுங்கித் தின்னும், கொசுப்புழுவையும் விடாது. முதுகுப் படம் இரண்டு கிடைத்தன, பக்கவாட்டில் ஒன்று, அதுவும் கால் மங்கல். முகம் வரவில்லை. குப்பியையும் டிஷ்யூவையும் எடுத்து ஜன்னலில் வைத்திருக்கிறேன், ஆறரைக்கு அலாரம்.